மிகையைத் துறந்த கார்ட்டூன்: 'கிங் ஆஃப் தி ஹில்' தொடரின் நீடித்த ஈர்ப்பு

முன்னுரை

நடிகரால் செய்ய முடியாததைக் கோடும் வண்ணமும் செய்து காட்டும் என்பதே கார்ட்டூனின் தனிப்பலம். பெரியவர்களுக்கான அமெரிக்க அனிமேஷன் நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் இப்பலத்தை நம்பியே வளர்ந்தன. ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் 'கிங் ஆஃப் தி ஹில்' (1997–2009) அதைக் கைவிட்டும் 13 சீசன்கள் நீடித்தது. 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் மீண்டும் வந்தது. தனக்குத் தானே விதித்துக்கொண்ட வரம்பே ரசிகர்களின் பற்றுக்கு வேர் என்பதை இத்தொடரின் வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றப் பின்னணி

1960இல் ஏபிசி ஒளிபரப்பிய 'தி ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்', குடும்ப நகைச்சுவையைக் கற்காலத்துக்குக் கொண்டுபோய்ச் சிரிக்கவைத்தது. 1989 டிசம்பரில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' சமகால நகருக்குத் திரும்பினாலும், கதைக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் இயற்கை விதிகளைத் தளர்த்திக்கொண்டது. அதன் எழுத்தாளர் குழுவில் பணியாற்றிய கிரெக் டேனியல்ஸும், எம்டிவிக்காக 'பீவிஸ் அண்ட் பட்-ஹெட்' (1993) உருவாக்கிய மைக் ஜட்ஜும் இணைந்து படைத்ததே 'கிங் ஆஃப் தி ஹில்'.

ஜட்ஜ் டல்லாஸ் புறநகரில் வாழ்ந்தவர். அங்கே கண்ட மனிதர்களின் சாயலில் ஆர்லன் என்னும் கற்பனை ஊர் பிறந்தது. துணைப்பாத்திரங்களுக்கு ஆழம் சேர்த்தவர் டேனியல்ஸ். எழுத்தாளர்களை டெக்சாஸுக்கே அழைத்துச் சென்று மக்களைக் கவனிக்கவைத்ததும் அவர்தான். நாயகன் ஹேங்க் ஹில், புரொப்பேன் எரிவாயு விற்கும் கடையொன்றின் துணை மேலாளர். வேலையும் புல்வெளியும் ஒழுங்காக இருந்தால் அவருக்குப் போதும். மகன் பாபிமீது வைத்திருக்கும் அன்பை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வராது.

1997 ஜனவரி 12 அன்று வெளியான முதல் எபிசோடே இந்தத் தயக்கத்தின் மேல்தான் நின்றது. பேஸ்பால் பட்டுப் பாபியின் கண் வீங்குகிறது. தந்தை அடித்திருப்பார் என்று வெளியூரிலிருந்து வந்த சமூகநல ஊழியர் சந்தேகிக்கிறார். அவருடைய அவசரத் தீர்ப்பும் ஹேங்க்கின் இறுக்கமும் ஒருசேரக் கேலிக்குள்ளாகின்றன.

வரம்பின் விளைவுகள்

இயல்பு வாழ்க்கையின் எல்லைக்குள் நின்றதால் நேர்ந்த முதல் விளைவு, நிகழ்வுகளுக்குத் தடம் இருந்தது. 1998இல் இரண்டாம் சீசன் முடிவில் 'மெகா லோ மார்ட்' பேரங்காடியில் எரிவாயு வெடித்து, ஹேங்க்கின் மனைவி பெக்கியின் சகோதரர் மகளான லுவானின் காதலன் பக்லி இறந்தான். அவள் கூந்தலும் கருகியது. அடுத்த சீசனில் அவள் மொட்டைத் தலையோடு வந்தாள். தன் தொழிலின் ஆதாரமான எரிவாயுவைக் கண்டே ஹேங்க் அஞ்சினார்.

இரண்டாவது விளைவு, எவரும் வெறும் கேலிப்பொருளாகச் சுருங்கவில்லை. உலகெங்கும் சதி தேடும் ஹேங்க்கின் நண்பர் டேல் கிரிபிள், மகன் ஜோசப்பின் உண்மையான தந்தை ஜான் ரெட்கார்ன் என்பதை மட்டும் காண்பதில்லை. ஊரே அறிந்த ரகசியம் அது. ஆயினும் அந்த மகனிடம் டேல் காட்டும் பாசத்தில் குறையே இல்லை. லாவோஸிலிருந்து குடியேறிய கான் தன்னைப் பற்றிச் சொன்ன பிறகும், அவர் சீனரா ஜப்பானியரா என்று அண்டைவீட்டார் விடாமல் கேட்கிறார்கள். ஒரே பார்வையில் அவர் லாவோஸ்காரர் எனச் சரியாகச் சொல்பவர், இனவெறி மிக்கவரான ஹேங்க்கின் தந்தை காட்டன்! எவரை எங்கே வைப்பது என்னும் பார்வையாளரின் முன்முடிவு இங்கே தடுமாறுகிறது. கானும் அப்பாவி அல்லர். அண்டைவீட்டாரைப் பட்டிக்காட்டார் என இளக்காரமாகப் பார்ப்பவர்.

நிறுத்தமும் மறுவருகையும்

2009 செப்டம்பர் 13 அன்று ஃபாக்ஸ் இறுதி எபிசோடை ஒளிபரப்பியது. விளையாட்டில் நாட்டமற்ற பாபிக்கு இறைச்சியின் தரம் அறியும் திறமை இருப்பது அதில் வெளிப்படுகிறது. தந்தையும் மகனும் பொதுவான ஓரிடத்தை ஒருவழியாகக் கண்டடைகிறார்கள். அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே 'அடல்ட் ஸ்விம்' தொலைக்காட்சி மறுஒளிபரப்பு செய்துவந்ததால் தொடர் புதிய பார்வையாளர்களையும் அடைந்தது. அன்றாடச் செய்திகளைப் பெரிதும் சாராமல் குணங்களைச் சார்ந்திருந்ததால், பழைய எபிசோடுகளுக்குப் புதியவர்களிடம் விளக்கவுரை தேவைப்படவில்லை.

2025 ஆகஸ்ட் 4 அன்று ஹுலு ஓடிடி தளத்தில் 10 எபிசோடுகளோடு வந்த புதிய சீசன் இக்கருத்துக்கு உரைகல்லானது. சிம்ப்சன் வீட்டு பார்ட்டுக்குப் பல பத்தாண்டுகளாகப் பத்து வயதுதான். ஆர்லன்வாசிகளோ மூத்துவிட்டார்கள். சவூதி அரேபியாவில் வேலைபார்த்துவிட்டு ஹேங்க்கும் பெக்கியும் ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறார்கள். 21 வயதான பாபி டல்லாஸில் உணவகச் சமையல் கலைஞன். இறுதி எபிசோடில் ஊன்றிய விதை 16 ஆண்டுகளில் முளைத்திருக்கிறது. டேலுக்குக் குரல் கொடுத்த ஜானி ஹார்ட்விக் 2023இல் மறைந்தபின், டோபி ஹஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

முடிவுரை

வெடித்ததும் அடுத்த காட்சியில் ஒட்டிக்கொள்ளும் உருவங்களுக்கு வயதேற வேண்டியதில்லை. காயமும் வெட்கமும் நினைவும் கொண்ட பாத்திரங்களுக்கு வயது ஏறலாம். பார்வையாளர் அதை நம்பவும் செய்வார். 1997இல் ஏற்ற வரம்பு 2025இல் கதைக்கு முதலீடாக மாறியது. ஆகவே இத்தொடரின் மீதான பற்றைப் பழைய நாள் ஏக்கம் என்று மட்டும் விளக்குவது போதாது. ஹேங்க்கின் பழமைவாத அரசியலோடு உடன்படாதவரும் அவரோடு நேரம் செலவிட விரும்புகிறார் என்றால், தொடர் அவரை ஒரு கட்சியின் பிரதிநிதியாக வரையாமல், மகனுக்கு முன் சொல்லற்று நிற்கும் தந்தையாக வரைந்ததே காரணம்.