எட்டில் ஐந்து ஆள்: ஒரு அகமதாபாத் மில் கதை

வேலை நிமித்தமாக அகமதாபாத் வந்து சேரும் நம்மவர்களை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போவது என்றால் எல்லோருக்கும் இரண்டு இடங்கள்தான் தோன்றும். சபர்மதி ஆசிரமம், காலிகோ மியூசியம். ஒன்றில் காந்தி, மற்றதில் துணி. இரண்டையும் இணைக்கும் ஒரு மில் கதை இந்த ஊரில் உண்டு. எம்.பி.ஏ. படித்தவர்கள் அதன் நடுத்துண்டை மட்டும் வகுப்பில் கேட்டிருப்பார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆண்டு 1953. காலிகோ மில் சாராபாய் குடும்பத்துடையது. நிர்வாகத்தில் கௌதம் சாராபாய் (நம் விண்வெளி விக்ரம் சாராபாயின் அண்ணன்). புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். காசு கொட்டியும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, துணியில் பழுதும் அதிகம். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவரை ஆலோசகராக அழைத்தார்கள். அவர் தறிக்கூடத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். நல்ல ஆலோசகருக்கு அதுதான் முதல் வேலை.

224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 விதமான வேலைகள். அறுந்த நூலை முடிந்து தறியை ஓட்ட நெசவாளி. தார் தீராமல் நிரப்ப ஒருவர். பாவு இழைகள் கொத்தாக அறுந்தால் சரிசெய்ய ஒருவர். புதுப்பாவு ஏற்ற ஒருவர். எண்ணெய் விட, கூட்ட, துணியைச் சுமந்துபோக என்று தனித்தனி ஆள். யார் எத்தனை தறி பார்க்க முடியும் என்று கைக்கடிகாரம் வைத்துக் கணக்குப் போட்டுப் பிரித்திருந்தார்கள். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது.

தரையில் நடந்தது வேறு. நெசவாளர்கள் எட்டுப் பேர், தார் நிரப்புகிறவர்கள் ஐந்து பேர், பாவு சரிசெய்கிறவர்கள் மூன்று பேர். அப்படியானால் ஒரு நெசவாளிக்கு எத்தனை துணையாள்? தார் நிரப்ப எட்டில் ஐந்து ஆள், பாவு பார்க்க எட்டில் மூன்று ஆள். சிரிக்காதீர்கள், ரைஸே இப்படித்தான் பின்னத்தில் எழுதிவைத்தார். தார் நிரப்புகிறவர் இந்த நெசவாளிக்கும் கொஞ்சம், அந்த நெசவாளிக்கும் கொஞ்சம். முழுசாக யாருக்கும் சொந்தமில்லை. ஒரு தறி நின்றால் அது யார் பிரச்னை என்பதற்கு அந்தக் கூடத்தில் பதிலே கிடையாது. நம் ஆபீஸ்களில் ஒருவர் மூன்று ப்ராஜெக்ட்டில் முப்பது சதவீதம் முப்பது சதவீதமாக உட்கார்ந்திருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரைஸ் சொன்ன வழி எளிமையானது. 64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அந்தத் தறிகளில் எது நின்றாலும் அந்த ஏழு பேர் பாடு. மேஸ்திரிகளிடமும் தொழிலாளர்களிடமும் இதைப் பேச்சுவாக்கில் விவாதித்தார்கள். பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். நிர்வாகம் யோசித்து, கமிட்டி போட்டு, பட்டியல் தயாரிப்பதற்குள் தொழிலாளர்களே அந்த யோசனையைக் கையிலெடுத்து, யார் யாரோடு என்று தங்களுக்குள் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டுவிட்டார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தது. நிலைப்பட்ட பிறகு தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது. பழுதான துணி 32 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. தறி அதே தறி, ஆள் அதே ஆள்.

வகுப்பில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு உறுத்துவது 'யார் யாரோடு என்று தங்களுக்குள்' என்ற அந்த ஒரு வரி. ஏனென்றால் இந்த ஊர் மில்களில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஆள் சேர்ப்பது 1953இல் தொடங்கியதல்ல. பழைய தறியில் புதுத் தார் போடும்போதெல்லாம் நாடாவின் கண் வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைத்தாக வேண்டும். அதனால் 'தீட்டு' என்று சொல்லித் தலித்துகளை நெசவுப் பிரிவுக்குள் மற்ற நெசவாளர்கள் விடவில்லை. நூற்புப் பிரிவில் வேலை கிடைக்கும், ஆனால் நெசவில்தான் கூலி அதிகம். முதலாளி போட்ட சட்டமில்லை இது, எந்த நோட்டீஸ் போர்டிலும் எழுதப்படவில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் சேர்ந்து காப்பாற்றிய வழக்கம். முதலாளிகளும் உற்பத்தி நின்றுவிடக்கூடாதே என்று கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

பம்பாயிலும் இதே கதைதான். 1928 பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் மல்லுக்கட்டி, நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடம் வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் செய்தார். வர்க்கம் வர்க்கம் என்று பேசியவர்களுக்கே அது கசந்தது.

அகமதாபாத்தில் சங்கம் பிறந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் புதிராக இருக்கும். 1917இல் பிளேக் வந்து ஊரே காலியானபோது, தொழிலாளர்கள் ஓடிவிடாமலிருக்க மில்காரர்கள் போனஸ் கொடுத்தார்கள். நோய் போனதும் போனஸையும் நிறுத்தப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் இல்லை என்று 1918 பிப்ரவரி 22 அன்று கதவடைத்தார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர்கள் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா சாராபாய், கூடவே காந்தி. தினமும் சபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் கூட்டம். 35 கிடைக்காமல் திரும்ப மாட்டோம் என்று சேர்ந்து சொன்ன சத்தியம். தனித்தனியாக விட்டிருந்தால் அடுப்பு எரியாத மூன்றாம் நாளே பாதிப் பேர் மில் வாசலில் நின்றிருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை அவர்களைப் பிடித்து நிறுத்தியது. அதுவும் தளர ஆரம்பித்தபோதுதான் மார்ச் 15 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாளில் சமரசம். பின்னால் மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா 35 சதவீதமே கொடுக்கச் சொன்னார்.

அந்த உற்சாகத்தில் 1920இல் உருவானது மஜூர் மகாஜன் சங்கம். 'மகாஜன்' என்பது இந்த ஊர் வணிகர்களின் பழைய குழுக்களுக்கு இருந்த பெயர். கூலிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடம், மருத்துவம், கடன் என்று சங்கம் செய்த வேலைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது ஒரே சங்கமில்லை, பிரிவுவாரிச் சங்கங்களின் கூட்டமைப்பு. நூற்பில் தலித்துகள் அதிகம், நெசவில் முஸ்லிம்களும் பட்டிதார்களும் அதிகம். மில்லுக்குள் எப்படிப் பிரிந்திருந்தார்களோ அப்படியே சங்கத்திலும் பிரிந்து உட்கார்ந்தார்கள். தீண்டாமைக்கு எதிராகக் காந்தி பேசிய ஊரில், அவருடைய சங்கம் நெசவுக்கூடத்தின் கதவை உடைக்கப் பெரிதாக முயலவில்லை என்று யான் பிரெமன் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நெசவாளர்களைப் பகைத்துக்கொண்டால் சங்கமே ஆட்டம் காணும் என்ற பயம் இருந்திருக்கும்.

ஆக, நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டால் நல்லது நடக்கும் என்று 1953 சொல்கிறது. நிர்வாகம் ஒதுங்கியதால்தான் அநியாயம் நிலைத்தது என்று நாடா சொல்கிறது. இரண்டும் ஒரே ஊரின் தறிக்கூடங்கள்.

ரைஸின் குழுக்கள் என்னவாயின? அவருடைய சகா எரிக் மில்லர் 1970இல் வந்து பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மற்ற கூடங்களில் பாதியோ முழுதுமோ கரைந்துபோயிருந்தது. பிறகு 1980களிலும் 90களிலும் ஊரின் மில்கள் வரிசையாக மூடின. சுமார் ஒரு லட்சம் பேர் வேலையிழந்தார்கள். காலிகோவும் போய்விட்டது. மியூசியம் மட்டும் ஷாஹிபாக்கில் சாராபாய் வீட்டு வளாகத்தில் இருக்கிறது (முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்).

சங்கத்துக்குள்ளிருந்து ஒரு கிளை மட்டும் வேறு திசையில் வளர்ந்தது. மஜூர் மகாஜனின் மகளிர் பிரிவில் இருந்த இலா பட், தலைச்சுமைப் பெண்களையும் தெருவோர வியாபாரிகளையும் சேர்த்து 'சேவா' என்று தொடங்கினார். முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று தொழிலாளர் துறை பதிவு செய்யத் தயங்கியது. கடைசியில் 1972இல் பதிவானது. 1981இல் மருத்துவப் படிப்பு இடஒதுக்கீட்டுக்கு எதிராக அகமதாபாத்தில் கலவரம் வெடித்து, தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது மஜூர் மகாஜன் வாய் திறக்கவில்லை. சேவா தலித்துகள் பக்கம் வெளிப்படையாக நின்றது. அந்த ஆண்டே மகாஜன் சேவாவை வெளியேற்றியது. இலா பட் 2022இல் காலமானார். சேவாவில் இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினர்கள்.