பழைய கார்களின் முகப்பு விளக்கு மேம்பாடு

பழைய கார்களின் முகப்பு விளக்கு மேம்பாடு என்பது, வயதினாலோ தயாரிக்கப்பட்ட காலத்தின் தொழில்நுட்ப எல்லையினாலோ போதிய வெளிச்சம் தராத ஹெட்லைட்டின் கண்ணாடி, பிரதிபலிப்பான், பல்பு, மின்கம்பி, ஒளித்திசை ஆகியவற்றைச் சீர்செய்தோ மாற்றியோ இரவுப் பார்வையைக் கூட்டும் பணியாகும். கூடுதல் வாட் கொண்ட பல்பை மாட்டுவதே மேம்பாடு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இழந்த ஒளியின் பெரும்பகுதி கம்பியிலும் பிரதிபலிப்பானிலும் தவறிய திசையிலுமே போய்விடுவதால், இப்பணி பெரும்பாலும் மீட்பாகவே அமைகிறது. கடற்காற்றும் கடும் மழையும் குறுகிய தெருக்களும் ஒருங்கே அமைந்த கேரளத்தின் மட்டாஞ்சேரி போன்ற இடங்களில் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

வட்டாரச் சூழல்

கொச்சி நகரின் மேற்கே காயற்கரையில் அமைந்துள்ள மட்டாஞ்சேரி, மிளகு, ஏலம், இஞ்சி முதலிய நறுமணப் பொருள்களின் பழைய வணிகக் களம். பஜார் சாலையிலும் யூதத் தெருவிலும் கிடங்குகள் தெருவின் விளிம்புவரை நிற்பதால், எதிரெதிரே வரும் வண்டிகளும் நடந்து செல்வோரும் ஒருவருக்கொருவர் மிக அருகில் கடக்க வேண்டியிருக்கிறது. இப்பகுதியின் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகும் வண்டிகள் கே.எல். 43 என்னும் வரிசை எண்ணைப் பெறுகின்றன.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் விழுகிறது. ஓதம் உயரும் நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களில் உப்புநீர் ஏறுவதும் உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்து பல்பு ஹோல்டரின் பித்தளை முனைகளைப் பச்சை பூக்கச் செய்கின்றன. எர்த் கம்பி உடற்தகட்டோடு சேரும் இடத்தைத் துருவேற்றுகின்றன. பின்புற ரப்பர் உறை வெடித்த விளக்கினுள் புகுந்து பிரதிபலிப்பானின் பூச்சை அரிக்கின்றன.

பழைய விளக்குகளின் வகைகள்

மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரும், பியட் 1100 வழிவந்து மும்பையின் குர்லாவில் உருவான பிரிமியர் பத்மினியும் ஏழு அங்குல விட்டமுள்ள வட்ட விளக்குகளைக் கொண்டவை. இந்த அளவு பல நாடுகளில் பொது அளவாக வழங்கியதால், விளக்குக் கூட்டை முழுமையாகக் கழற்றி, அதே அளவிலான புதியதைப் பொருத்துவது எளிது. 1983இல் அறிமுகமான மாருதி 800 முதற்கொண்டு, அந்தந்த வண்டிக்கெனவே வடிவமைத்த செவ்வக விளக்குகளும் பிறகு பிளாஸ்டிக் முகம் கொண்ட விளக்குகளும் வந்தன. இவற்றுக்கு அந்தந்த மாடலுக்குரிய கூட்டைத் தேடியே வாங்க வேண்டும்.

தொடக்க கால வண்டிகளில் இருந்தது 45/40 வாட் டங்ஸ்டன் பல்பு. இதில் முதல் எண் பிரைட் எனப்படும் தொலைவொளியையும், இரண்டாம் எண் டிம் எனப்படும் தாழ்வொளியையும் குறிக்கும். இதற்குப் பின் வந்த ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் சேர்ந்த வாயு நிரப்பப்பட்டிருக்கும். சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டனை அவ்வாயு மீண்டும் இழைக்கே கொண்டு சேர்ப்பதால் கண்ணாடி கறுப்பதில்லை, இழையையும் கூடுதல் சூட்டில் எரிக்கலாம். 1971இல் ஐரோப்பாவில் அறிமுகமான எச்4 என்னும் வகையில் 60/55 வாட் இழைகள் இரண்டும் ஒரே பல்பில் உள்ளன. டங்ஸ்டன் பல்பின் டிம் ஒளி ஏறக்குறைய 675 லூமென் என்றால், எச்4இன் டிம் ஒளி 1,000 லூமென். லூமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு.

ஒளி இழப்பின் காரணங்கள்

இழைப் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் வோல்ட்டின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. எனவே வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறைந்துவிடும். பழைய கார்களில் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் டேஷ்போர்டு சுவிட்ச், டிப்பர் சுவிட்ச், பல இணைப்புகள் ஆகியவற்றைக் கடந்தே பல்பை அடைகிறது. இரு எச்4 பல்புகளும் பிரைட்டில் எரியும்போது 10 ஆம்பியர் பாய்வதால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஐந்து மீட்டர் செம்புக் கம்பி மட்டுமே ஏறத்தாழ 0.9 வோல்ட்டை விழுங்கும். தேய்ந்த சுவிட்சும் துருப்பிடித்த எர்த்தும் அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும். பேட்டரி முனையிலும் பல்பு ஹோல்டரிலும் விளக்கு எரியும் நிலையில் மல்டிமீட்டரால் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு இந்த இழப்பை அறியலாம்.

இரண்டாவது காரணம் பிரதிபலிப்பான். பல்பின் ஒளியைத் திரட்டிச் சாலைக்கு அனுப்புவது அலுமினியப் பூச்சுள்ள அதன் உட்பரப்பே. அது மங்கினால் எந்தப் பல்பும் பயன் தராது. மங்கியதற்குக் குரோமியம் முலாம் பூசுவது பட்டறைகளில் வழக்கமெனினும், நல்ல அலுமினியப் பூச்சு ஒளியில் 85 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்ப, குரோமியம் 65 விழுக்காட்டளவே திருப்புவதால், பளபளப்பாகத் தோன்றும் அவ்விளக்கு மங்கலாகவே எரியும். மூன்றாவது காரணம் முகப்புக் கண்ணாடி. அம்பாசிடரின் உண்மைக் கண்ணாடி மஞ்சளாவதில்லை. பிற்காலப் பாலிகார்பனேட் முகமோ, புறஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சு தேய்ந்ததும் மஞ்சளித்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அதை நீர்த்தாள் கொண்டு படிப்படியாக மெருகேற்றலாம். புதிய தடுப்புப் பூச்சு இடாவிட்டால் சில மாதங்களிலேயே மீண்டும் மங்கிவிடும்.

மேம்படுத்தும் முறை

மேற்கண்ட காரணங்களால், பல்பைத் தொடுவதற்கு முன்பே விளக்குக் கூட்டையும் மின்சாரத்தையும் சீர்செய்வது முறையாகும். வட்ட விளக்குள்ள வண்டிகளில் பழைய கூட்டைக் கழற்றி, எச்4 பல்பு ஏற்கும் ஏழு அங்குலக் கூட்டைப் பொருத்துவது செலவு குறைந்த வழி. இந்தியாவில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், டிம் ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் கிடையாகவும் இடப்பக்கம் சற்றே உயர்ந்தும் இருக்க வேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்காக உருவான கூட்டை மாட்டினால் அந்த உயர்வு எதிரே வருபவரின் கண்ணில் படும்.

அடுத்தது ரிலே வயரிங். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சாவி. பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க, பல்புக்குரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் நேரே பாய்கிறது. எர்த்துக்கும் தனிக்கம்பி இடப்படுகிறது. இதனால் ஒளி கூடுவதோடு, கிடைப்பதற்கு அரிதாகிவரும் பழைய சுவிட்சும் சூடேறிக் கருகாமல் தப்புகிறது. டைனமோ உள்ள வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னுற்பத்தி குறைவதால், அதன் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சந்தையில் விற்கும் 100/90 வாட் பல்பு இந்த வரிசையைக் குலைக்கிறது. அது இரு பல்புகளுக்குமாக ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுப்பதால் கம்பியில் இழப்பு கூடுகிறது, ஹோல்டர் உருகுகிறது, பிரதிபலிப்பானின் பூச்சும் வெப்பத்தால் கெடுகிறது.

எல்இடி, செனான் மாற்றுகள்

செனான் விளக்கு 35 வாட்டிலேயே ஏறத்தாழ 3,200 லூமென் தருவது. எல்இடி இன்னும் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. எனினும் ஹாலஜனுக்காக வடிவமைத்த கூட்டில் இவற்றைச் செருகுவதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. எச்4 பல்பின் டிம் இழைக்குக் கீழுள்ள சிறு உலோகக் கிண்ணம் ஒளியின் ஒரு பகுதியை மறைத்துத்தான் மேல்விளிம்பை உருவாக்குகிறது; எல்இடியின் ஒளிரும் சில்லு அந்த இழையின் அளவிலும் இடத்திலும் துல்லியமாக அமையாவிட்டால் ஒளி மேல்நோக்கிச் சிதறுகிறது. அப்போது காருக்கு அருகில் தரை பளிச்சென்று தெரிய, தொலைவு இருண்டே கிடக்கிறது. எதிரே வருபவர் கண் கூசித் தடுமாறுகிறார். நீலச்சாயல் மிகுந்த வெண்ணிறம் இக்கூச்சத்தை மேலும் கூட்டும். ஜெர்மனியில் 2020 முதல் சில மாற்று எல்இடி பல்புகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டபோதும், சோதித்துப் பட்டியலிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே அது செல்லும்.

ஒளித்திசை

எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஒளித்திசையை மீண்டும் அமைக்க வேண்டும். சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஆள் அமர்ந்த நிலையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழுமாறு திருகாணிகளைத் திருப்புவது வழக்கமான முறை. தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரமுள்ள விளக்கு இவ்வாறு அமைந்தால், அதன் ஒளி 65 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச்சாலையில் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, நிற்பதற்கு ஏறத்தாழ 60 மீட்டர் எடுத்துக்கொள்ளும். பருவமழைக் காலத்தில் டிம் ஒளியில் அந்த வேகத்துக்கு மேல் விரைவது, கண்ணுக்குத் தெரியாத சாலையில் ஓட்டுவதாகும்.

சட்ட நிலை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தொலைவிலும், அதன் வலது விளிம்புக்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளியும், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலும் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி நிரந்தரமாகத் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. பல்புகளுக்கான தரத்தை ஏ.ஐ.எஸ். 034 என்னும் இந்திய வாகனத் தொழில் தரநிலை வரையறுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவ்விதிகள் பழைய காரின் உரிமையாளரைக் கைகட்டி நிற்கச் செய்வதில்லை. கூட்டைப் புதுப்பிப்பதும், ரிலே வயரிங் இடுவதும், தரச்சான்று பெற்ற 60/55 வாட் பல்பைப் பொருத்துவதும், திசையை அமைப்பதும் பதிவுச் சான்றின் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. பதினைந்து ஆண்டு கடந்த கார் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குச் செல்லும்போது முகப்பு விளக்கும் பார்க்கப்படுவதால், சாலையில் பயன்தரும் மேம்பாடும் ஆய்வில் தேறும் மேம்பாடும் நடைமுறையில் ஒன்றாகவே அமைகின்றன.