ஐரோப்பிய ரக்பி கோப்பையும் அதன் பின்னால் ஊர் ஊராய்ப் போகும் ரசிகர்களும்

ஐரோப்பிய ரக்பி கோப்பை என்பது அயர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் முன்னணி ரக்பி யூனியன் அணிகள் ஆண்டுதோறும் மோதும் போட்டி. 1995இல் தொடங்கியது. 2022 முதல் தென்னாப்பிரிக்க அணிகளும் இதில் ஆடுகின்றன. ஹைனெக்கன் பீர் நிறுவனத்தின் பெயரால் ‘ஹைனெக்கன் கோப்பை’ என்று நெடுங்காலம் வழங்கியது. மது விளம்பரத்தைத் தடுக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சில் மட்டும் அது ‘எச் கோப்பை’. 2014இல் நிர்வாகம் கைமாறியபின் ‘சாம்பியன்ஸ் கோப்பை’ ஆனது. பழைய ரசிகர்கள் இன்றும் முதல் பெயரையே சொல்கிறார்கள்.

அணிக்குப் பதினைந்து பேர், நீள்வட்டப் பந்து, எண்பது நிமிட ஆட்டம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, ஐந்து புள்ளி. பெனால்டி உதை இரு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. முதன்முறை அரங்குக்குப் போகிறவருக்கு இவ்வளவு போதும், மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தருவார். அவர் எதிரணி ரசிகராக இருக்கவும் கூடும். ஐரோப்பியக் கால்பந்து அரங்குகளில் இரு தரப்பையும் பிரித்து, நடுவே காவலர்களை நிறுத்துவார்கள். ரக்பியில் அந்த வேலி கிடையாது. இந்தக் கோப்பையின் வரலாற்றை வென்ற அணிகளின் பட்டியலாக எழுதுவதே வழக்கம். வெளியூர் ஆட்டத்துக்குப் போன ரசிகர்களை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

தொடக்கம் எளிமையானது. ரக்பி யூனியன் ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாம் என்று 1995 ஆகஸ்டில் பாரிசில் நடந்த உலக ரக்பி நிர்வாகக் கூட்டத்தில் முடிவாயிற்று. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 31 அன்று, ருமேனியாவின் கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டான்ட்சாவில் ஃபாருல் அணியும் பிரான்சின் துலூஸும் கோப்பையின் முதல் ஆட்டத்தை ஆடின. பார்க்க வந்தவர்கள் சிறு கூட்டமே. துலூஸ் 54–10 என வென்றது. அந்த ஆண்டு பன்னிரண்டு அணிகள்தாம்; இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வரவில்லை. 1996 ஜனவரியில் வேல்ஸின் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் நடந்த இறுதியாட்டத்தில் உள்ளூர் அணியான கார்டிஃபே ஆடியும் 21,800 பேர்தான் வந்தார்கள். கூடுதல் நேரம் வரை போய் துலூஸ் 21–18 என வென்றது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் பிரான்சின் பிரீவ் அணி இங்கிலாந்தின் லெஸ்டரை வீழ்த்தியபோது கூட்டம் 41,664.

1997இல் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் வான்வழிச் சந்தை அந்த ஆண்டு ஏப்ரலில் முழுமையாகத் திறக்கப்பட்டு, மலிவு விமானங்கள் பெருகத் தொடங்கின. கோப்பையின் முதல் சுற்றிலோ ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற ஒவ்வோர் அணியையும் சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் சந்திக்கும் முறை வந்தது. ரசிகர் மரபு உருவானது இதனால்தான் என்பேன். இந்த வாரம் விருந்தாளியாகப் போனவர் வேறொரு வாரம் விருந்து வைக்க வேண்டியவர். அந்தக் கடன் இருக்கும் இடத்தில் வம்பு குறையும். குறையும் என்றுதான் சொல்ல முடியும். அதே ஆண்டு செப்டம்பரில் பிரீவ் நகரில் பிரீவ் ஆட்டக்காரர்களும் வேல்ஸின் பாண்டிப்ரிட் ஆட்டக்காரர்களும் ஆட்டம் முடிந்தபின் ஒரு மதுக்கடையில் கைகலந்தார்கள். இக்கோப்பையின் அசிங்கமான இரவு அதுவே.

1998–99இல் நிர்வாகத் தகராறால் இங்கிலாந்து அணிகள் விலகின. அந்த ஆண்டின் இறுதியாட்டத்தை மதிப்புக் குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. 1999 ஜனவரி 30 அன்று டப்ளினின் லான்ஸ்டவுன் ரோடு அரங்கில் வட அயர்லாந்தைச் சேர்ந்த அல்ஸ்டர் அணி, பிரான்சின் கொலோமியே அணியை 21–6 என வென்றது. வட அயர்லாந்தின் நெடுநாள் வன்முறையை முடிவுக்குக் கொண்டுவந்த புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தாகிப் பத்து மாதம்கூட ஆகவில்லை. பெல்ஃபாஸ்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தெற்கே வந்தார்கள். தெற்கத்தியர்கள் அவர்களோடு நின்று அல்ஸ்டருக்காகக் குரல் கொடுத்தார்கள். 49,000 பேர் பார்க்க, அயர்லாந்துத் தீவின் அணி ஒன்று முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

ஆயினும் பயண ரசிகர் என்றதும் நினைவுக்கு வருவது மன்ஸ்டர். அயர்லாந்தின் தென்மேற்கு மாகாண அணி, சிவப்பு ஜெர்சி, முதன்மைக் களம் லிமரிக் நகரின் தோமண்ட் பார்க். அயர்லாந்தின் பிற இடங்களில் ரக்பி வசதியானவர்களின் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம். லிமரிக்கில் அது தொழிலாளி வீட்டு ஆட்டமும்கூட. எதிரணிக்காரர் பெனால்டி உதைக்க நிற்கும்போது தோமண்ட் பார்க் முழுக்க அமைதியாகிவிடும். இருமல் சத்தம்கூடக் கேட்கும். எதிரிக்கும் தரும் மரியாதை அது. அந்த அமைதிதான் கூச்சலைவிட அச்சமூட்டியது என்று உதைத்தவர்கள் சொல்வதுண்டு. 1995 முதல் 2007 ஜனவரியில் லெஸ்டர் வந்து வெல்லும் வரை, இந்தக் கோப்பையில் மன்ஸ்டர் அங்கே தோற்றதே இல்லை. 2003 ஜனவரியில் இங்கிலாந்தின் குளோஸ்டருக்கு எதிராக, அடுத்த சுற்றுக்குப் போக நான்கு ட்ரைகளும் 27 புள்ளி வித்தியாசமும் தேவைப்பட்டன. ஆட்டம் முடிந்தபோது 33–6, சரியாக 27.

சொந்தக் களத்தில் இவ்வளவு வலுவான அணி, கோப்பைக்காகப் பல ஆண்டு அலைந்தது. 2000 மே மாதம் போர்தோவின் வெயிலில் துலூஸை 31–25 என வென்று இறுதிக்கு வந்து, லண்டன் ட்விக்கனமில் இங்கிலாந்து அணியான நார்தாம்ப்டனிடம் 9–8 என ஒரே புள்ளியில் தோற்றது. கடைசிப் பெனால்டியை மன்ஸ்டரின் ரோனன் ஓகாரா தவறவிட்டார். 2002இல் கார்டிஃபில் லெஸ்டரிடம் மீண்டும் தோல்வி. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் விமானம், ரயில், டப்ளின்–ஹோலிஹெட் கப்பல், ராஸ்லேர்–ஃபிஷ்கார்ட் கப்பல் என்று கிடைத்ததில் ஏறிப் போனார்கள். தோற்று ஊர் திரும்பி, அடுத்த பயணத்துக்குச் சேமித்தார்கள்.

2006 மே 20 அன்று கார்டிஃப் மில்லேனியம் அரங்கில் 74,534 பேர். எதிரே பிரான்சின் பாஸ்க் பகுதி அணி பியாரிட்ஸ். அரங்கே சிவந்திருந்தது. இரண்டாம் பாதியில் ஆட்டம் சற்று நின்ற நேரத்தில், லிமரிக்கின் ஓகானல் தெருவில் பெருந்திரை முன் கூடியிருந்த கூட்டத்தை அரங்கின் திரையில் காட்டினார்கள். சீட்டுக் கிடைக்காமல் ஊரிலேயே நின்றுவிட்டவர்கள் அவர்கள். அதைப் பார்த்து எழுந்த ஆரவாரத்தில் களைத்த கால்களுக்குப் பலம் வந்தது என்று பின்னர் ஆட்டக்காரர்களே சொன்னார்கள். 23–19. அணித் தலைவர் ஆண்டனி ஃபோலி கோப்பையைத் தூக்கினார். 1978இல் நியூசிலாந்தைத் தோமண்ட் பார்க்கில் 12–0 என வென்ற மன்ஸ்டர் அணியில் அவருடைய தந்தையும் ஆடியிருந்தார்.

பத்து ஆண்டு கழித்து, 2016 அக்டோபர் 16 அன்று, ஃபோலி மன்ஸ்டரின் பயிற்சியாளராகப் பாரிசுக்குப் போயிருந்தார். ராசிங் 92 அணியுடனான ஆட்டத்தன்று காலை விடுதி அறையிலேயே இறந்து கிடந்தார். வயது 42. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டம் பார்க்க வந்த மன்ஸ்டர் ரசிகர்கள் பாரிசை ஒட்டிய கொலோம்ப் அரங்கின் வெளியே கூடி, தங்கள் அணியின் பாட்டைப் பாடி அவருக்கு விடைகொடுத்தார்கள். ஒரு சாவுக்கு ஊரே வந்து நிற்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும்.

இந்த ரசிகர்களைப் போல் பயணம் போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இறுதியாட்டம் எந்த நகரில் என்பது ஓராண்டுக்கும் முன்பே அறிவிக்கப்படுகிறது. யார் ஆடுவார்கள் என்பது அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியும். ஆகவே முன்கூட்டியே சீட்டு வாங்குவது நம்பிக்கையின் பேரில் செய்வது. அரையிறுதியில் தங்கள் அணி தோற்றவர்கள் சீட்டை விற்பார்கள். அதிகாரபூர்வ மறுவிற்பனை வழியாக மட்டும் வாங்குவது நல்லது. இறுதியாட்டத்தை அதிகம் நடத்திய நகரம் கார்டிஃப், 2025 வரை எட்டு முறை. அரங்கு ஊரின் நடுவிலேயே இருப்பதால், ரயிலைவிட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். 2018இல் முதன்முறையாக ஸ்பெயினின் பில்பாவோவுக்கு இறுதியாட்டம் போனது. டப்ளினின் லென்ஸ்டர் அணி, ராசிங் 92 அணியை 15–12 என வென்ற அன்று கால்பந்து நகரமான அது ரக்பி ரசிகர்களைச் சொந்தக்காரர்போல் ஏற்றுக்கொண்டது. இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் வாங்கும் ஷெங்கன் விசா பிரிட்டனிலோ அயர்லாந்திலோ செல்லாது.

கூட்டத்தைப் பொறுத்தவரை உச்சம் டப்ளினில்தான். 2009 மே மாதம் க்ரோக் பார்க்கில் லென்ஸ்டர்–மன்ஸ்டர் அரையிறுதிக்கு 82,208 பேர் வந்தார்கள். கிளப் ரக்பியில் அன்றைய உலக சாதனை அது. மூன்று ஆண்டு முன் லான்ஸ்டவுன் ரோடில் இதே இரு அணிகள் மோதியபோது, லென்ஸ்டரின் சொந்த ஊரையே மன்ஸ்டர் சிவப்பு நிறைத்துவிட்டது. அந்த வடு 2009இல் லென்ஸ்டரின் நீலக் கொடிகளால் ஆறியது. 2024இல் அதே க்ரோக் பார்க்கில் லென்ஸ்டர்–நார்தாம்ப்டன் அரையிறுதியை 82,300 பேர் பார்த்தார்கள்.

கொரோனா காலத்தில், 2020 இறுதியாட்டம் பிரிஸ்டலில் வெற்று இருக்கைகளுக்கு முன் நடந்தது. கூட்டம் பின்னர் திரும்பியது. பழைய ஆட்ட அமைப்போ திரும்பவில்லை. இப்போது இருபத்துநான்கு அணிகள், ஆறு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள். முதல் சுற்றில் ஓர் அணிக்கு ஆறுக்குப் பதில் நான்கே ஆட்டங்கள். நான்கும் வெவ்வேறு அணிகளோடு. டிசம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே இரு அணிகள் மாறி மாறி ஊர் போய் வந்த வழக்கம் மறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் வார இறுதிப் பயணமாகப் போய்வர லிமரிக்கிலிருந்தோ துலூஸிலிருந்தோ சாதாரணச் சம்பளக்காரரால் முடியாது. தென்னாப்பிரிக்க அணிகள் ஆட்டத்தின் தரத்தைக் கூட்டின. அங்கே வெளியூர் ரசிகர்களின் இருக்கைகளோ காலியாகவே கிடக்கின்றன. முதல் சுற்றில் எதிரணியின் ஊருக்கு ஒரு பயணமும் நம் ஊரில் அவர்களுக்கு ஒரு விருந்தும் இருந்த பழைய ஏற்பாட்டை நிர்வாகம் மீண்டும் கொண்டுவர வேண்டும்.