கோலாலம்பூருக்கு வித்திட்ட லுக்குட் தலைவர்

கோலாலம்பூரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் யாப் ஆ லோயின் பெயரிலிருந்தே தொடங்குவர். அந்நகருக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாஅத் என்பதைப் பலர் அறியார்.

ரியாவ் பூகிஸ் அரச குடும்பத்தில் பிறந்த இவர், சிலாங்கூர் சுல்தான் முகம்மதின் மகளை மணந்தவர். லுக்குட் அந்நாளில் சிலாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1846ஆம் ஆண்டில் சுல்தான் அதனை மருமகனிடம் ஒப்படைத்தார். அப்போது அது செழிப்பான நிலம் அன்று. 1834இல் சீனச் சுரங்கத் தொழிலாளருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே மூண்ட கலவரம் அங்கே ஈயத்தொழிலைத் தளரச் செய்திருந்தது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கிழாரின் செல்வம் குடியானவர் செலுத்திய குத்தகையில் அடங்கியிருந்தது. அச்செல்வமே அவருக்குப் பாராளுமன்றத்தில் இடமும் தேடித் தந்தது. மலாய் நாடுகளின் நிலை வேறு. இங்கே காடு மிகுதி, மக்கள் குறைவு. ஆள் இல்லாத நிலத்துக்கு மதிப்பில்லை. தலைவன் கொடியவனாயின் தொழிலாளர் வேறு ஆற்றங்கரையை நாடிச் செல்வர். முதல் கொடுக்கும் மலாக்கா வணிகரும் கைவிரித்து விடுவர். இவ்வுண்மையை உணர்ந்தவர் ஜுமாஅத். 1847இல் குன்றின்மேல் அகழி சூழ்ந்த கோட்டை ஒன்றை எழுப்பினார். உயிருக்கும் பொருளுக்கும் காவல் கிடைக்கவே சீனர் மீண்டும் வந்து குடியேறினர். ஆட்சி நன்கு நடைபெறும் ஊர் என்று ஆங்கில அதிகாரிகளும் லுக்குட்டை மதித்தனர்.

கிள்ளான் பகுதி இவருடைய உடன்பிறந்தார் ராஜா அப்துல்லாவின் பொறுப்பில் இருந்தது. 1857இல் உடன்பிறந்தார் இருவரும் மலாக்கா வணிகர்களான சீ யாம் சுவான், லிம் சே ஹோ ஆகியோரிடம் 30,000 வெள்ளி பெற்று, 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்குக்கு அனுப்பினர். ஒரே மாதத்தில் காய்ச்சலுக்கு இரையானோர் போக எஞ்சியவர் 18 பேரே. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. மேலும் 150 பேர் சென்றனர். 1859இல் அம்பாங் ஈயம் விற்பனைக்கு வந்தது. லுக்குட்டில் தொழில் நடத்திய ஹியூ சியூ ஆற்றுச் சந்திப்பில் கடை வைத்து, கோலாலம்பூரின் முதல் சீனக் கப்பித்தானானார். மூன்றாம் கப்பித்தானாகிய யாப் ஆ லோயும் லுக்குட்டில் வேலை செய்தவரே.

1864இல் ஜுமாஅத் மறைந்தார். மகன் ராஜா போட் பொறுப்பேற்றார். ஆயினும் பழைய செழிப்பு நிலைக்கவில்லை. புதிய சுரங்கங்கள் ஆட்களையும் முதலையும் தம்பால் இழுத்துக்கொண்டன. தந்தை நட்ட மரத்தின் நிழலே மகனின் வயலை மறைத்தது. 1880இல் ஏற்பட்ட எல்லை உடன்படிக்கையால் லுக்குட் சிலாங்கூரினின்று நீங்கிச் சுங்கை ஊஜோங்குடன் சேர்ந்தது. அவ்வழியே நெகிரி செம்பிலானின் பகுதியாயிற்று.

நல்லாட்சி ஒருவரின் திறமையை மட்டுமே நம்பி நிற்குமாயின், அது அவரோடு முடிந்துவிடும். லுக்குட் வரலாறு புகட்டும் பாடம் இதுவே. கோட்டையின் எச்சங்கள் இன்றும் அக்குன்றின்மேல் உள்ளன. தலைநகரின் கதையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், அதன் முதல் ஏட்டை இக்குன்றிலிருந்து தொடங்குதல் தகும்.