1893: இரண்டு முதல் நாவல்கள்

அடி அண்ணாமலை பாட்டுக்குரிய ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய தலம் திருவண்ணாமலை என்பது மரபு. கிரிவலப் பாதையில் இவ்வூரையொட்டி அவருக்குத் தனிக்கோயிலும் உண்டு. அச்சு எந்திரம் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பாடல்கள் ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்து வந்தன. கவிதைக்கு வாய்த்த அந்தப் பேறு நாவலுக்கு வாய்க்கவில்லை. முந்நூறு பக்க உரைநடையை நெஞ்சில் நிறுத்திப் பிறருக்குச் சொல்வார் யாருமிலர். தாளும் மையும் முதலும் கூடினாலன்றி நாவல் பிறப்பதில்லை. ஆகவே நாவலின் வரலாறு எழுதியவரின் வரலாறு மட்டுமன்று. வெளியிட்டவர், வாங்கியவர், படித்தவர் ஆகியோரின் வரலாறும் ஆகும்.

இவ்வுண்மையை விளக்க 1893ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு ஒருவரையொருவர் அறியாத இரண்டு இளைஞர்கள், உலகின் இரு கோடிகளில், தத்தம் முதல் நாவலோடு மக்கள்முன் வந்தனர். ஒருவர் வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமய்யர். மற்றவர் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1871இல் பிறந்த ஸ்டீபன் கிரேன். இருவரும் அப்போது இருபத்திரண்டு வயதை எட்டாதவர்கள். இருவரும் எடுத்துக்கொண்டது அரசர் கதையோ புராணக் கதையோ அன்று. தம் கண்முன் நடந்த வாழ்க்கை.

கிரேன் எழுதிய 'மேகி: எ கேர்ள் ஆஃப் தி ஸ்ட்ரீட்ஸ்' நியூயார்க்கின் பவரி சேரியில் நிகழும் கதை. குடிகாரப் பெற்றோர், ஆலை வேலை, மதுக்கடைக்காரன் ஒருவனின் ஆசைவார்த்தை, வீட்டை விட்டு விரட்டப்படுதல், சாவு என்று ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வு அதில் சரிந்து முடிகிறது. அதே 1893இல்தான் சிகாகோவில் மின்விளக்குகளின் பேரொளியில் உலகக் கண்காட்சி நடந்தது; செப்டம்பர் 11ஆம் நாள் விவேகானந்தர் அங்கே சர்வசமயப் பேரவையில் உரையாற்றினார். அதே ஆண்டில்தான் வங்கிகள் நூற்றுக்கணக்கில் முறிந்து, தொழிலாளர் பெருந்திரளாக வேலையிழந்தனர். கண்காட்சியின் அமெரிக்காவை உலகமே வந்து பார்த்தது. கிரேன் காட்டிய அமெரிக்காவைப் பார்க்க அந்நாட்டாரே விரும்பவில்லை.

பதிப்பாளர் எவரும் முன்வராததால் அவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அந்நூலை அச்சிட்டார். மஞ்சள் தாள் அட்டை. ஐம்பது சென்ட் விலை. ஜான்ஸ்டன் ஸ்மித் என்று புனைபெயர். நூல் விற்கவில்லை. ஆயினும் ஹாம்லின் கார்லண்ட், வில்லியம் டீன் ஹவல்ஸ் ஆகிய இருபெரும் எழுத்தாளர்கள் அதைப் படித்துப் போற்றினர். 1895இல் வெளிவந்த 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' என்னும் போர் நாவல் கிரேனைப் புகழேணியில் ஏற்றிய பின்னரே, 1896இல் ஆப்பிள்டன் நிறுவனம் மேகியை மறுபதிப்புச் செய்தது. அதுவும் சேரிமக்கள் வாயில் வரும் வசைச் சொற்கள் பலவற்றை நீக்கிய பிறகே.

ராஜமய்யருக்கு வாய்த்த வழி வேறு. சி. வி. சுவாமிநாதையர் நடத்திய 'விவேக சிந்தாமணி' மாத இதழ் 1893 தொடங்கி 1895 வரை அவருடைய கதையைத் தொடராக வெளியிட்டது. 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அதன் பெயர். மதுரைச் சீமையின் சிறுகுளம் கிராமம், அதன் வம்பர் மகாசபை, ஜல்லிக்கட்டு, தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என அக்கால வாழ்வு முழுவதும் அதில் நடமாடுகிறது. அது நூலாக வெளிவந்ததும் 1896இல்தான்.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை ஒன்று புலப்படும். இரண்டிலும் பழிச்சொல்லே வினையாற்றுகிறது. சிறுகுளத்தின் வம்புப் பேச்சு முத்துஸ்வாமி ஐயரைக் குடும்பத்தினின்று பிரிக்கிறது. பவரியின் மாடிக் குடியிருப்பில் அண்டை அயலார் கூடி ஏளனம் செய்ய, மேகி வெளியேறுகிறாள். ஆனால் கமலாம்பாளுக்கு மீட்சி உண்டு, மேகிக்கு இல்லை. வேதாந்தத்தில் தோய்ந்த ராஜமய்யர் துன்பத்தின் அப்பால் ஓர் அமைதியைக் கண்டார். சூழ்நிலையே மனிதனை உருவாக்குகிறது என்று நம்பிய கிரேன் சேரிக்கு அப்பால் எதையும் காணவில்லை.

இருவரும் நெடுநாள் வாழவில்லை. 'பிரபுத்த பாரத' இதழுக்கு 1896 முதல் ஆசிரியராயிருந்த ராஜமய்யர் 1898இல் இருபத்தாறு வயதில் மறைந்தார். கிரேன் 1900இல் காசநோய்க்கு இரையானபோது வயது இருபத்தெட்டு. ராஜமய்யர் எழுதி முடித்த நாவல் அந்த ஒன்றே. விவேக சிந்தாமணி இடம் தராதிருந்தால் அந்த ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதே இதழில் 1892இல் அ. மாதவையா தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' இடையிலேயே நின்றுபோயிற்று. அது 'முத்துமீனாக்ஷி' என்னும் நூலாக உருப்பெற 1903 வரை காத்திருக்க நேர்ந்தது. இதழ் தாங்கினால் நாவல் வளரும். இதழ் கைவிட்டால் பதினோர் ஆண்டுகள் உறங்கும்.

கவிஞர்கள் மிகுந்த நம் வட்டத்தின் மலரில் இதனைக் கூறக் காரணம் உண்டு. பத்தாண்டுகளாக நாம் கவியரங்கம் நடத்தி வருகிறோம். ஒரு கவிதையைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். கைத்தட்டலும் உடனே கிடைக்கும். நாவல் எழுதுபவர் ஆண்டுக்கணக்கில் தனித்திருக்கிறார். இன்று ஐம்பது படிகள்கூட அச்சிட்டுக்கொள்ளத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. கிரேனைப் போலக் கைப்பணத்தைக் கொட்ட வேண்டிய நிலை பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் அச்சு எளிதான அளவுக்கு வாசகர் எளிதாகக் கிடைப்பதில்லை. மஞ்சள் அட்டையுடன் விற்காமல் கிடந்த மேகியின் நிலைதான் இன்றும் பல முதல் நூல்களுக்கு.

நம்மூர் இளைஞர் எவரேனும் கிரிவலப் பாதையின் கடைகளையும், வீட்டுமனைகளாகிவரும் நிலங்களையும், வந்து தங்கும் வெளிநாட்டாரையும், அவர்களை நம்பிப் பிழைப்போரையும் ஒரு நாவலாக எழுதத் துணியலாம். அவருக்கு நம் மாதக் கூட்டத்தில் அத்தியாயம் ஒன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவோம். முடிந்ததும் ஆளுக்கொரு படி விலைகொடுத்து வாங்குவோம். விவேக சிந்தாமணி ஓர் இருபத்தொரு வயது இளைஞருக்குச் செய்தது இதைவிடப் பெரிதன்று. அதன் பயனை நூறாண்டு கடந்தும் தமிழ் துய்த்துவருகிறது.