புனைபெயரும் புதிய பாதையும்

2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் ஃபாரஸ்ட் கேட்டில் வழக்கம்போலத் திறந்தது. கொழும்பில் திறக்கவில்லை. அரசு சொல்லி, இலங்கையின் இணைய நிறுவனங்கள் அதை மறித்துவிட்டன.

மறிப்பைத் தாண்டி வாசிப்பது ஒரு சிக்கல். தாண்டியது யார் என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். தமிழ்நெற்றின் ஆசிரியர் தர்மரத்தினம் சிவராம் 1989 முதல் 'தராகி' என்ற புனைபெயரில் எழுதியவர். காலப்போக்கில் தராகி யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் அவரைக் கடத்தினார்கள். மறுநாள் உடல் கிடைத்தது.

ஆளை மறைக்கும் தொழில்நுட்பம் ஒன்று 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 2002இல் அது 'டோர்' என்ற பெயரில் பொதுமக்களிடம் வந்தது. உங்கள் செய்தி, வெங்காயத் தோல்போல உறைமேல் உறை போட்டு, மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதலாவதற்கு உங்கள் முகவரி தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது.

சரி, உங்கள் கணினியே காட்டிக்கொடுத்தால்? 2012இல் தொடங்கிய ஹூனிக்ஸ் இதற்காக ஒரே கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்தது. ஒன்று வாசல், டோர் அங்கே ஓடும். மற்றது வேலை அறை; வாசலைத் தாண்டாமல் அதனால் வெளியே போக முடியாது. உங்கள் உண்மையான ஐபி முகவரியும் அதற்குத் தெரியாது. ஒரு வாசலுக்குப் பின்னால் பல அறைகளும் இருக்கலாம்.

வாசலில் 'புதிய அடையாளம்' கேட்டால் எல்லா அறைகளுக்கும் புதிய பாதை கிடைக்கும். ஆனால் இனித் தொடங்கும் இணைப்புகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே திறந்தவை பழைய பாதையிலேயே ஓடும். முதல் கணினியும் மாறாது. அதை அடிக்கடி மாற்றினால் என்றாவது கெட்டவர் நடத்தும் ஒன்றில் மாட்டுவோம் என்பதால், டோர் வேண்டுமென்றே அதை மாதக்கணக்கில் வைத்திருக்கிறது.

முக்கியமான விசயம் இதுதான்: பாதை மாறும், அறைக்குள் இருப்பது மாறாது. ஒரே அறையில் சொந்த மின்னஞ்சலையும் புனைபெயர்க் கணக்கையும் திறந்துவிட்டால், எத்தனை புதிய பாதை எடுத்தாலும் இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடக்கூடும். ஒரு பெயருக்கு ஓர் அறை என்று முதலிலேயே பிரிக்கவேண்டும்.

ஊரில் இருப்பவரோடு ஆபத்தான செய்தி பேசும்போது இதை நினையுங்கள். நாங்கள் இங்கே கவனமில்லாமல் இருந்தால், விலை கொடுப்பது அங்கே இருப்பவர்.