மீயுரைப் புனைகதை: வாசக விடுதலையும் கருவியின் உடைமையும்

இலக்கிய வடிவங்களின் எழுச்சியையும் தளர்வையும் ஆசிரியரின் தனித்திறனைக் கொண்டு மாத்திரம் விளக்கிவிட முடியாது. ஒரு வடிவம் எக்கருவியால் ஆக்கப்படுகிறது, அக்கருவி யாருடைய உடைமை என்னும் வினாக்களும் உடனெழுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் உருவான மீயுரைப் புனைகதையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஓர் உரைத்துண்டிலிருந்து மற்றொன்றுக்கு வாசகர் தாம் தெரிந்த வழியே செல்லுமாறு இணைப்புகளாற் கோக்கப்பட்ட எழுத்தே மீயுரை. இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1965இல் ரெட் நெல்சன் வழக்கிற்குக் கொணர்ந்தார். வடிவ வேட்கை அதற்கும் முந்தியது. ஆர்ஜென்ரீன எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தசார் 1963இல் வெளியிட்ட 'ராயுவேலா' நாவலின் 155 அத்தியாயங்களை மாற்று ஒழுங்கிலும் வாசிப்பதற்கு அவரே வழிகாட்டியிருந்தார். ஆயின் அச்சுநூலில் வாசகரே தாளைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது. கணினி அவ்வுழைப்பைத் தான் ஏற்றது.

மைக்கல் ஜோய்ஸின் 'ஆஃப்ரர்நூன், எ ஸ்ரோறி' 1987இல் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 1990இல் ஈஸ்ற்கேற் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. காலையில் தான் கண்ட விபத்தில் இறந்தவன் தன் மகனோ என்னும் ஐயம் கதைசொல்லியை வாட்டுகிறது. 500இற்கு மேற்பட்ட துண்டுகளிடையே வாசகர் அலைகிறார்; சிலவற்றை, வேறு சிலவற்றை வாசித்த பின்னரே அடைய முடியும். உண்மையை நேர்கொள்ள அஞ்சும் மனத்தின் அலைவே இங்கு கதையின் அமைப்பாகிறது. ஷெலி ஜாக்சனின் 'பச்வேர்க் கேர்ள்' (1995), பிராங்கன்ஸ்ரைன் ஆக்கத் தொடங்கி அழித்துவிட்ட பெண்ணுருவுக்கு உயிரும் குரலும் அளித்தது. துண்டுகளைப் பொருத்தி ஆன உடலும் துண்டுகளைப் பொருத்தி ஆன உரையும் ஒன்றையொன்று விளக்கின. இவை வெறும் பொறி வித்தைகளல்ல என்பது தெளிவு.

1992இல் றொபேட் கூவர் நியூயோர்க் ரைம்ஸின் நூல் மதிப்புரை இதழில் இவ்வடிவத்தை வரவேற்று எழுதினார். வரிசை முறையின் ஆதிக்கத்தினின்றும் வாசகர் விடுபடுகிறார் என்னும் கருத்து வலுப்பெற்றது. இதனை முழுமையாக ஏற்றல் இயலாது. இணைப்புகளை அமைத்தவர் ஆசிரியரே. வாசகர் தெரிவு செய்கிறாரேயன்றி அவற்றை ஆக்குவதில்லை. அத்தெரிவுங்கூட ஒரு குறிப்பிட்ட பொறி இயங்கும்வரைதான். ஆப்பிள் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஹைப்பர்காட் மென்பொருளிற் பல படைப்புகள் ஆக்கப்பட்டன. 2004இல் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்தியது. அப்படைப்புகள் புதிய கணினிகளில் நேரே திறக்கப்பட மாட்டாதவையாயின. டீன் கிரிகாரும் ஸ்ருவட் மோல்த்றொப்பும் பழைய பொறிகளைத் தேடி, ஆசிரியர்களும் வாசகர்களும் அவற்றில் வாசிப்பதைப் படம்பிடித்து 2015இல் வெளியிட்டனர். அரிய பணியே அது. எனினும், தெரிவு செய்வதற்கென எழுதப்பட்ட கதையைப் பிறர் தெரிந்த வழியிற் பார்த்திருப்பதே பெரும்பாலோர்க்கு எஞ்சியது.

2009இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட 'ருவைன்' என்னும் கருவி இலவசமானது. நிரலெழுத அறியாதோரும் கையாளத்தக்கது. அதன் ஆக்கம் எந்த இணைய உலாவியிலும் திறக்கும். பெருநிறுவன விளையாட்டுத் துறைக்குப் புறத்தே நின்ற பெண்களும் பால்நிலைச் சிறுபான்மையினரும் தம் நோயையும் தனிமையையும் அதில் எழுதினர். இணைப்பு என்னும் உத்தி மாறவில்லை. மாறியது கருவியின் உடைமை. வாசக விடுதலையை வடிவத்திற் தேடியோர் காணத் தவறியது இதனையே.